உட்கார்ந்து போன வண்டிகள்

“கையைக் காட்டு” என்கிறான் தம்பி. அறுபத்து மூன்று வயது அக்கா, நகம் பார்க்கும் டீச்சருக்கு முன்னால் நிற்பதுபோல் நின்று, இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. “மோதிரம்?” “கழட்டி வெச்சுட்டேன்டா.” அதற்குப் பிறகுதான் கண்ணாடி அலமாரியின் சாவி அவன் சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். ஞாயிறுதோறும் இதுதான் நடைமுறை. கூடப்பிறந்தவள் என்ற சலுகையெல்லாம் அந்த அறையின் வாசற்படியோடு சரி.

அலமாரியில் நாற்பத்தோரு கார்கள் நிற்கின்றன. எல்லாம் உலோகத்தில் வார்த்தவை. நிஜ வண்டியில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு. உள்ளங்கையில் வைத்தால் இரண்டு தீப்பெட்டி நீளம், கைக்கு நல்ல கனம். பொம்மை என்று சொல்லிவிட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “பொம்மை வேற, மாடல் வேறக்கா. பொம்மைக்கு நாலு சக்கரம் இருந்தாப் போதும். மாடலுக்கு வைப்பர்கூட அளவு தப்பக்கூடாது.” அக்கா வேண்டுமென்றே வாரத்துக்கு ஒருமுறையாவது பொம்மை என்பாள்.

அவன் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, நிறம் பார்த்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புகிறான். ஊரில் எத்தனையோ பேர் அவன் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். அவன் முகம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வயதானவர் யாராவது வாய் நிறையச் சிரித்தால் அக்கா ஒரு நொடி நின்று பார்ப்பாள். வரிசை கொஞ்சம்கூடப் பிசகாமல் இருந்தால், நம்ம வீட்டுச் சரக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடப்பாள்.

பல்லுக்கு உதவும் கருவிகளே காருக்கும். மெழுகு செதுக்கும் கத்தியால் கதவு இடுக்கில் தூசி எடுப்பான். ஒரு பச்சைக் காருக்குப் பக்கக் கண்ணாடி உடைந்தபோது, பல் செட்டுக்கு ஊற்றும் அதே குழம்பில் செய்து ஒட்டினான். முன்னால் பார்த்தால் வெள்ளிப் பூச்சு. குனிந்து பின்னால் பார்த்தால் ஈறு நிறம். “அந்தக் கார் மட்டும் சிரிக்கிற மாதிரியே இருக்கு அண்ணி” என்பாள் தம்பி மனைவி.

துணி ஆலையில் முப்பது வருஷம் சட்டைகளில் பிசிறு பார்த்துத் தள்ளியவள் அக்கா. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை என்றாலும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “மூணாவது தட்டு, நீலக் காரு, பின் சக்கரத்துல ஒரு நூல்” என்று அவள் சொன்னால் தம்பி குனிந்து பார்ப்பான். நூல் இருக்கும். அவன் மதிக்கும் ஒரே தணிக்கை அதுதான்.

மற்றவர்கள் அழகுக்குச் சேர்ப்பார்கள், அரிதென்று சேர்ப்பார்கள். தம்பிக்கு இருப்பது ஒரே சட்டம்: அவன் ஒருமுறையாவது உட்கார்ந்து போன வண்டிதான் அலமாரிக்கு வரும். ஒவ்வொரு காருக்கு அடியிலும் மடித்து வைத்த ஒரு சீட்டு. எந்த நாள், எங்கிருந்து எங்கே, யார் எந்த இருக்கையில் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கார் இரண்டாவது தட்டில். அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போன வாடகைக் கார் அதற்குப் பக்கத்தில். ஒரு போலீஸ் ஜீப்கூட உண்டு. விபத்து ஒன்றைப் பார்த்ததற்குச் சாட்சி சொல்ல வரச் சொன்னபோது, நடக்கும் தூரம்தான், இவன் ஜீப்பிலேயே வருகிறேன் என்று நின்றுவிட்டான். “ஊர்ல எவனாவது போலீஸ் ஜீப்ல ஏத்திக்கங்கன்னு கெஞ்சுவானா அண்ணி? தெருவே பார்த்துச்சு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு” என்று தம்பி மனைவி இன்றும் தலையில் அடித்துக்கொள்வாள்.

டாக்டர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து சிவப்புப் பந்தயக் கார் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். தகதகவென்று இருந்தது. தம்பி நன்றி சொன்னான், ஒரு வாரம் பார்த்தான், டாக்டருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். “உட்கார்ந்ததில்லையே சார்.”

முதல் தட்டின் நடுவில் மட்டும் ஒரு காருக்கான இடம் எப்போதும் காலி. அது எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

போன ஞாயிறு கை சோதனை முடிந்தபோது, தம்பி மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “அந்த டிராயரையும் திறந்து காட்டச் சொல்லுங்க அண்ணி. மூணு மாசமா உள்ள ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்காரு.”

தம்பி முறைத்தான். பிறகு, பல் செட் அனுப்பும் அட்டைப்பெட்டி ஒன்றை மேசை டிராயரிலிருந்து எடுத்தான். பஞ்சுக்கு நடுவே ஒரு கறுப்புக் கார். நீண்ட மூக்கு, வட்ட விளக்கு, வாலில் வெள்ளிப் பட்டை.

அக்கா பெட்டியருகே குனிந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா இருபத்தாறு வருஷம் ஓட்டிய முதலாளி வீட்டு வண்டி அது.

“பதினோரு வருஷம் தேடினேன்க்கா. கிடைச்சுது. கிடைச்சு என்ன? தொட்டிருக்கேன். வாளி தூக்கியிருக்கேன். வெளிக் கண்ணாடியெல்லாம் துடைச்சிருக்கேன். உட்கார்ந்ததில்ல. ஏழு வயசுல ஒரே ஒரு தரம் கேட்டேன். ‘முதலாளி வண்டில நம்ம நிழல் விழலாம், நாம விழக்கூடாது’ன்னாரு. அப்புறம் நான் கேட்கவே இல்ல.”

“அப்பா வண்டிதானேங்க, வெச்சாத்தான் என்ன?” என்றாள் மனைவி, வாசலில் வந்து நின்று.

“இதை வெச்சா அந்தச் சிவப்புக் காருக்கு நான் சொன்னது பொய்யாயிடும்.” பெட்டியை மூடப் போனான். “அப்பா இருந்தா அவரே வைக்க விடமாட்டாரு.”

அக்கா மூடியைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வருஷமாக அடிநாக்கில் வைத்திருந்ததை வெளியே எடுப்பது லேசாக இல்லை. அப்பா போய்ப் பதினாலு வருஷம். அம்மாவும் போயாயிற்று. முதலாளி வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சொல்லக்கூடாது என்று சொன்னவர்தான் இல்லையே தவிர, கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. தம்பியின் கை அந்த மூடியில் இருப்பதைப் பார்த்தாள்.

“நீ உட்கார்ந்திருக்கேடா.”

“எப்போ?”

“உனக்கு ரெண்டு வயசு. எனக்குப் பதினொண்ணு. அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. உனக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. தூக்கிக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், நல்ல மழை. அப்பா முதலாளியை இறக்கிவிட்டுட்டு வெறும் வண்டியோட வராரு. எங்களைப் பார்த்துட்டுத் தாண்டிப் போயிட்டாரு. கொஞ்ச தூரம் போய் நின்னு, ரிவர்ஸ்லயே ஓட்டிக்கிட்டு வந்தாரு.”

தம்பி மூடியிலிருந்து கையை எடுத்தான்.

“பின் சீட்டு முழுக்க நியூஸ் பேப்பர் விரிச்சாரு. குடையோட சுத்தி வந்து, முதலாளியம்மாவுக்குக் குனிஞ்சு திறப்பாரே, அதே மாதிரி எனக்குக் கதவைத் திறந்தாரு. அசைஞ்சா சரசரன்னு சத்தம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் மடியில. ஆஸ்பத்திரி வாசல்ல வாந்தி எடுத்தே. பாதி பேப்பர்ல, பாதி என் பாவாடையில. சீட்டுல ஒரு சொட்டு விழல. அப்பா சொன்னாரு, ‘இது யாருக்கும் தெரியக்கூடாதும்மா, அம்மாவுக்கும்தான். வேலை போயிடும்’னு. பஸ்ல வந்தோம்னுதான் அம்மாகிட்டச் சொன்னேன்.”

“எந்தப் பக்கம் உட்கார்ந்தே?” பொய்ப் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் கேட்டான்.

“இடது பக்கம்.”

“என்ன பார்த்தே?”

அக்கா கண்ணை மூடினாள். “கண்ணாடி ஏத்துற கைப்பிடி என் முழங்கைகிட்ட. அதோட குமிழ் வெள்ளை. முன் கதவுல இருந்ததெல்லாம் கறுப்பு. அது மட்டும் வெள்ளை.”

இடது பின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைக்கும்போதெல்லாம் தம்பி பார்த்துக்கொண்டிருந்த குமிழ் அது. யாரிடமும் சொன்னதில்லை; சொல்ல என்ன இருக்கிறது?

ஆனாலும் சட்டம் சட்டம். “மடியில உட்கார்ந்தது உட்கார்ந்ததா ஆகுமாக்கா?”

“மடியில இருக்கற குழந்தைக்கு பஸ்லகூட டிக்கெட் கிடையாது” என்று எடுத்துக் கொடுத்தாள் மனைவி. யார் பக்கம் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“டிக்கெட் கிடையாதுதான்” என்றாள் அக்கா. “ஊர் போய்ச் சேருதா இல்லையா?”

தம்பி மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஒரு சீட்டை நேர்க்கோட்டில் வெட்டி, பேனாவை எடுத்தான். “நாள்?” “அரைப் பரீட்சைக்கு முந்தின திங்கக்கிழமை. தேதி தெரியாது. எழுதணும்னா தெரியாதுன்னே எழுது.” அப்படியே எழுதினான். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரை. ஓட்டுநர் இருக்கை: அப்பா. பின் இருக்கை, இடது: அக்கா. அடுத்த வரிக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அக்கா மடி: நான்.

சீட்டை மடித்து முதல் தட்டின் நடுவில் வைத்தான். அதன்மேல் கறுப்புக் காரை, மூக்கு வெளியே பார்க்க நிறுத்தினான். அக்கா எட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு நூல் வலது பக்கம்” என்றாள். நகர்த்தினான்.

அவன் மாடல்களின் கதவைத் திறப்பதில்லை. கீல் தேயும் என்பான். அக்காவே ஒருமுறை கைவைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது மெழுகுக் கத்தியை எடுத்தான். அதன் நுனியை இடது பின் கதவின் இடுக்கில் கொடுத்து நெம்பினான். கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒரு விரல் நகம் அளவுக்குப் பின் இருக்கை தெரிந்தது. தம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கதவை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து இடுப்பை லேசாக வளைத்து நின்றான்.