லாடத்தின் படம்

அந்தப் பழைய சிறையில் வேலை பார்ப்பவர்கள் அவரை ‘நிமிஷக்காரர்’ என்பார்கள். சிறை என்றால் இப்போது சிறை இல்லை. வெள்ளைக்காரன் கட்டியது. அவன் போனபிறகு கொஞ்ச காலம் தானியக் கிடங்காகக் கிடந்து, பிறகு சுண்ணாம்பு பூசிக்கொண்டு, வாசலில் டிக்கெட் ஜன்னலும் வைத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஆகிவிட்டது. நிமிஷக்காரருக்கு அங்கே வழிகாட்டி வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரே கதையை நாளைக்கு நாலு தடவை சொல்கிறார். ஒரு தடவைகூட அலுத்ததில்லை. காரணம் சம்பளமும் இல்லை, தேசபக்தியும் இல்லை. பழி வாங்குகிறார், அவ்வளவுதான்.

பெயர் வந்த கதை சின்னது. சுற்றிக் காட்டி முடித்ததும், கடைசியில் இருட்டறைக்கு முன்னால் ஆட்களை நிறுத்துவார். ஜன்னல் இல்லாத அறை. கதவின் தாழ்ப்பாள் நீண்ட இரும்புக் கையாகப் போய், ஒரு முழம் தள்ளிச் சுவரில் இருக்கும் குழிக்குள் விழும். உள்ளே இருப்பவன் எப்படிக் கையை நீட்டினாலும் எட்டாது. விருப்பமுள்ளவர்கள் உள்ளே போகலாம், ஒரே ஒரு நிமிஷம் சாத்துவேன் என்பார். கேலி பேசிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் திரும்பி வரும்போது செல்போனைக்கூட எடுக்கமாட்டார்கள். அப்போதுதான் அவர் லாடத்தைப் பற்றி ஆரம்பிப்பார்.

லாடம் அந்தச் சிறையின் தலைமை வார்டர். வெள்ளைக்காரன் இல்லை, நம்மைப்போல் உள்ளூர் ஆள். பூட்ஸ் குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருப்பான். சத்தம் கேட்டாலே கைதிகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவனுடைய முழுப்பெயரை, அப்பன் பெயரோடு, நிமிஷக்காரர் நாளைக்கு நாலு தடவை உரக்கச் சொல்வார். அதை இங்கே எழுதிக் காகிதத்தைக் கெடுப்பானேன். கைதிகள் வைத்த பெயரே போதும்.

அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற ஒருவனை, வெள்ளைக்காரனை எதிர்த்து நோட்டீஸ் அடித்தான் என்று பிடித்து வந்தார்கள். எந்தக் கையால் கோர்த்தாய் என்று லாடம் கேட்டான். அவன் வலது கையைக் காட்டினான். தரையில் வை என்றான். வைத்தான். லாடம் இடது காலை அதன்மேல் வைத்து ஏறி நின்று, திரும்பித் திரும்பி நின்றான். விடுதலையாகி வந்தவனுக்கு அதற்குப் பிறகு தன் சட்டைப் பித்தானைக்கூடப் போட வரவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இனி வெளியே போகலாம் என்று நிமிஷக்காரர் வழிவிடுவார்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் அந்தப் பித்தான்களைத் தினமும் போட்டுவிட்டது தான்தான் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. மகன் என்று தெரிந்தால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவருக்கு யாருடைய பரிதாபமும் வேண்டாம். லாடத்தின் பெயர் நாறவேண்டும், அது போதும். ஒரே ஒரு குறை உண்டு. வெள்ளைக்கார ஜெயிலர்களின் படங்கள் முன்கூடத்தில் மீசையோடு வரிசையாகத் தொங்கின. லாடத்தின் படம் எங்கேயும் இல்லை. அப்பாவை மிதித்தவனின் மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று.

இப்படியிருக்கையில் ஒரு நாள் புதிதாக வந்த அதிகாரி அவரைக் கூப்பிட்டார். வாயெல்லாம் பல். லாடத்தின் மகள் கடிதம் போட்டிருக்கிறாராம். அப்பாவின் படத்தைக் கொடுக்க விரும்புகிறாராம். முன்கூடத்தில் மாட்டிவிடலாம், ‘இச்சிறையின் முதல் உள்ளூர்த் தலைமை வார்டர்’ என்று கீழே பித்தளைத் தகடும் வைக்கலாம் என்றார் அதிகாரி. நிமிஷக்காரரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா என்று ஆரம்பித்தார். அதிகாரி கையை உயர்த்தி, வரலாறு என்றால் எல்லாரும்தான் என்று முடித்துவிட்டார். தகட்டுக்கு அன்றைக்கே சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் ஒரு தகட்டில் போய்விடும். நுழைகிறவர்கள் முதலில் அவனைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தப் படத்தை உடைத்தெறிகிறேன் பார் என்றார். உடைத்தால் கண்ணாடிச் சில்லைப் பொறுக்குவதும் நீங்கள்தான் என்றாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை உடைத்தால் வேறு படம் வரும். படத்தைக் கொண்டுவருகிறவளுக்கே ஒரு பாடம் கற்பிக்கவேண்டும் என்று கறுவிக்கொண்டே படுத்தார்.

அவள் வந்தது வார விடுமுறை நாளில். பார்வையாளர்கள் கிடையாது. அதிகாரி ஏதோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வருகிறவரைக்கும் அம்மாவுக்குச் சுற்றிக் காட்டும்படி போனில் சொன்னார். பழுப்புக் காகிதம் சுற்றிய படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கிழவி வாசலில் நின்றாள். எழுபதைத் தாண்டியிருக்கும். எப்படி அணைத்திருக்கிறாள் பார் என்று நிமிஷக்காரருக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்குக் கதையை அவர் எப்போதும்போல் சொல்லவில்லை. உறைக்க உறைக்கச் சொன்னார். லாடம் என்று சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக்கூடக் குனியவில்லை. இருட்டறை வந்தது.

“உள்ளே போய்ப் பாருங்கம்மா. ஒரு நிமிஷம்தான்.”

படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தி, இரும்புக் கையைக் குழிக்குள் தள்ளினார். ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் அசையவில்லை. மூன்று ஆயிற்று. கதவைத் தட்டட்டும், திற என்று கெஞ்சட்டும், ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் போதும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஐந்து, ஆறு. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒன்பது ஆயிற்று. கிழவிக்கு ஏதாவது ஆகித் தொலைத்தால் வேலை மட்டுமா போகும். அவசரமாகத் தாழ்ப்பாளை இழுத்தார்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டி, சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

“எவ்வளவு நேரம் ஆச்சு, தம்பி?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஒன்பது நிமிஷம்.”

“எங்க வீட்டுல சாமான் ரூம்ல போட்டா ஒரு நாள் பூரா,” என்றாள். “எங்கப்பா இங்கே செஞ்சதை மட்டும்தானே உங்களுக்குத் தெரியும்.”

எழுந்திருக்கக் கை கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார். போன வருஷம் டிக்கெட் எடுத்து, கூட்டத்தோடு வந்து, கடைசி வரிசையில் நின்று இதே கதையைக் கேட்டாளாம். அதனால்தான் இப்போது கடிதம் எழுதினாளாம்.

“நீங்க ஒரு இடத்துல தப்பா சொல்றீங்க. இடது கால்னு சொல்றீங்க. எப்பவும் வலது கால்தான். எங்கம்மா கைமேல ஏறினப்போ நான் பக்கத்துல இருந்தேன்.” முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “அதுக்கப்புறம் அம்மாவுக்கு ரவிக்கை ஊக்கு போட்டுவிட்டது நான்தான். பித்தான் விஷயத்தை நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எந்த ரெக்கார்டுலயும் அது இருக்காது. அவர் உங்கப்பாதானே?”

இருபத்தாறு வருஷமாகச் சொல்லாத பதிலை அவர் தலையை ஆட்டிச் சொன்னார். பிறகு, தான் வேண்டுமென்றேதான் கதவைத் திறக்கவில்லை என்றும் சொன்னார். வெட்கமாக இருந்தது. தெரியும் என்றாள் அவள். நானும் அவர் ரத்தமாச்சே, யாருக்கும் ஆத்திரம் வரத்தான் செய்யும் என்றாள்.

“அப்ப எதுக்கும்மா படத்தைக் கொண்டுவந்தீங்க?”

“பேரை நாளைக்கு நாலு தடவை சொல்றீங்க. கேட்டவங்க வாசல் தாண்டினா மறந்துடுவாங்க. மூஞ்சி மறக்காது. எங்க வீட்டுக் கூடத்துல ஐம்பது வருஷமா பெரிய மனுஷன் மாதிரி தொங்கிட்டிருந்தாரு. என் தம்பி போன மாசம் செத்தான். இனிமே தடுக்க ஆள் இல்லை. இறக்கிட்டேன்.”

நிமிஷக்காரர் காகிதத்தைக் கிழித்தார். கோரைப்பல்லையும் உருட்டு விழியையும் எதிர்பார்த்தவருக்குப் பெருத்த ஏமாற்றம். படிய வாரிய தலை, துவைத்த சட்டை, லேசான சிரிப்பு. பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுப்பான் என்று நம்பி யாரும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவருக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று.

அதிகாரி பித்தளைத் தகட்டோடு வந்து சேர்ந்தார். கிழவி கைப்பையிலிருந்து கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். படத்தைத் தான் சொல்லும் இடத்தில் மட்டுமே மாட்டவேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. எந்த இடம் என்று கேட்டார். அவள் இருட்டறையைக் காட்டினாள். அங்கே வெளிச்சமே கிடையாதேம்மா, தகட்டை எங்கே வைப்பது என்றார் அதிகாரி. தகட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வரலாறு என்றால் எல்லாரும்தான் என்று நிமிஷக்காரர் பணிவாக எடுத்துக் கொடுத்தார்.

ஆணி அடித்ததும் அவரே. கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார். கதவைத் திறந்தால் வெளிச்சம் நேராக அந்த மூஞ்சியில் விழும். உள்ளே போகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கவேண்டும், பிறகு அதோடு இருட்டில் நிற்கவேண்டும். கதையில் இப்போது வலது கால் என்கிறார். எழுத்துக் கோர்த்தவர் என் அப்பா என்கிறார். மிதித்தவனின் மனைவிக்கும் அதே கதிதான் என்கிறார். யாராவது உச்சுக்கொட்டினால் கொட்டிவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு இருட்டறைக் கதவை அவரே சாத்துகிறார். இரும்புக் கையைக் குழிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்கு நடக்கிறார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நிமிஷம் எண்ணுகிறவர், அந்த நேரத்தில் மட்டும் எண்ணுவதில்லை.