பிடித்ததும் விட்டதும்

பத்திரிகையில் எங்கள் வீட்டு வாசல் கேட்டின் படம் வந்த அன்று காலை, என் மாமியார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் தெலுங்கு மீடியத்தில் எட்டாவது வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ‘தீவிரவாதத் தொடர்பு?’ என்ற தலைப்பை இரண்டு முறை கூட்டிப் படித்துவிட்டு, கடைசியில் இருந்த கேள்விக்குறியின் மேல் விரலை வைத்து, “இது என்னாத்துக்கு?” என்று என்னிடம் கேட்டார். உறுதியாகத் தெரியாவிட்டால் அப்படிப் போடுவார்கள் என்றேன். “தெரியலன்னா எதுக்குப் போடணும்?” என்றார். அன்று எனக்கிருந்த பயத்தில் அந்தக் கேள்வியே எரிச்சலாக இருந்தது.

எங்கள் வீடு மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு சின்ன வீடுகள். என் மாமனார் போன பிறகு மாமியார் நின்று கட்டியவை. ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருபவர்கள் குடியிருப்பார்கள். நானே விருதுநகர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த புதிதில் மாமியார் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்; பால்காரரிடம் கன்னடம். கடைசி வீட்டில் அசாமிலிருந்து வந்த ஒருவர் மனைவியோடும் பெண் குழந்தையோடும் இருந்தார். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. மாமியார் ராகிக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளி, இரண்டு பேருக்கும் ஒரே தட்டிலிருந்து ஊட்டுவார்.

படம் வருவதற்கு முந்தைய நாள் காலையில்தான் அந்த அசாம்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சீருடை இல்லாத நாலைந்து பேர், இரண்டு வண்டிகள், அதில் ஒன்று கர்நாடகப் பதிவு எண். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சோதனை நடந்தது. அரிசி டப்பாவைக்கூடத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார். அவருடைய மனைவி வாசலில் நின்றாள். அழக்கூட இல்லை. நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டும். ஓடிப்போய் என் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமியார் கதவைத் தட்டினார். திறந்தால், ஒரு இடுப்பில் அந்தக் குழந்தை, இன்னொரு கையில் அந்தப் பெண்ணின் கை. “அடுப்புல பால வை” என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள் மத்தியானம் அவர் திரும்பி வந்தார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்தார். கடையில் வாங்கிய பழைய போன்தான் காரணமாம். அவர் கைக்கு வருமுன் அது யாரோ தேடப்படும் ஆளிடம் இருந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னதும் ரசீதும் ஒத்துப்போகவே, போகச் சொல்லிவிட்டார்கள். அடிக்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் விட்ட செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. தொழிற்சாலையில், போலீசிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். தெருவில் நான்கு பேர் சேர்ந்து வந்து, அவர்களைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்று மாமியாரிடம் கேட்டார்கள். உள்ளே நின்றிருந்த நானும் அவர்கள் பக்கம்தான். “போலீஸ்காரனே விட்டுட்டான். நான் எப்படித் துரத்தறது?” என்று கேட்டு அவர்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் கடிதம் கேட்டு நானும் மாமியாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க அவரக் கைதே பண்ணலம்மா. சும்மா விசாரிச்சோம், அவ்வளவுதான். பிடிக்காத ஆள விட்டோம்னு எப்படி எழுதித் தர்றது?” மாமியார், “அப்ப பேப்பர்காரனுக்கு யார் சொன்னது?” என்றார். ஆய்வாளர் மேசை மேலிருந்த கோப்பைத் திறந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

தகவல் உரிமை மனு போடலாம் என்று யோசனை சொன்னது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு அம்மாள். எழுதியது நான். கல்யாணத்துக்கு முன் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சராக இருந்ததால் அந்த மொழி எனக்குப் பழக்கம். கேள்விகள் மாமியாருடையவை. என் வீட்டில் குடியிருப்பவர் மேல் ஏதாவது வழக்கு இருக்கிறதா? இந்த மாதிரி சந்தேகத்தில் நம் பக்கத்தில் இதுவரை எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்? அதில் எத்தனை பேரை ஒன்றுமில்லை என்று விட்டார்கள்? இரண்டாவதும் மூன்றாவதும் எதற்கு என்று கேட்டேன். “இவரு நம்ம வீட்ல இருந்தாரு, வந்துட்டாருன்னு நமக்குத் தெரியுது. மத்தவங்கள யாருக்குத் தெரியும்?” என்றார்.

கிருஷ்ணகிரி மாவட்டப் போலீஸ் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எண்ணிக்கை நாட்டின் பாதுகாப்பு தொடர்பானது, தர இயலாது. குடியிருப்பவரைப் பற்றிய தகவல் மூன்றாம் நபர் விவரம், அதையும் தர இயலாது. நான் வாசித்துக் காட்டியபோது மாமியாருக்கு முதல் பதிலைவிட இரண்டாவதில்தான் கோபம் வந்தது. “மூணாவது ஆளா? என் வீட்ல சோறு தின்னுகினு இருக்கறவரு எப்படி மூணாவது ஆளு?” சட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, “வீடு என் பேர்லதான இருக்குது? அப்ப வீட்டப் பத்திக் கேளு” என்றார். என் வீட்டில் நடந்த சோதனையில் என்ன எடுத்தீர்கள், என் வீட்டு முகவரி மேல் வழக்கு ஏதும் உண்டா என்று இன்னொரு மனு. பழைய பதிலின் மேல் ஒரு மேல்முறையீடு.

அந்த மேல்முறையீட்டை நான் எழுதிக்கொண்டிருந்த மத்தியானத்தில், மாமியார் எதிரே உட்கார்ந்து அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். ஊற வைத்த கொட்டை அவர் விரலிடுக்கில் தோலைவிட்டுத் துள்ளி விழுந்துகொண்டிருந்தது. ‘பொதுமக்களிடையே ஏற்பட்ட தவறான எண்ணத்தால்’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

“அத்தை, அன்னைக்குப் பேப்பர்ல வந்த படத்த எங்க சொந்தக்காரங்க குரூப்லயும் தெரு குரூப்லயும் போட்டது நான்தான்.”

அவர் கை நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிண்ணம் பாதி நிறைந்த பிறகு, “பயந்துட்ட” என்றார். “நானுந்தான் பயந்தேன்.” பிறகு, “பதில் வந்தா அதையும் போடு. ரெண்டுலயும் போடு.”

மேல்முறையீட்டு விசாரணைக்குக் கிருஷ்ணகிரிக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். அதிகாரி நடுவயதுக்காரர், பொறுமையானவர். எண்ணிக்கை வெளியே போனால் எதிரிகளுக்கு உதவியாகிவிடும் என்று விளக்கினார். மாமியார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

“சார், நாங்க பார்டர்ல இருக்கறவங்க. எவனாவது குண்டு வெச்சா எங்க பிள்ளைங்களும்தான் சாவும். பிடிங்க சார், வேணான்னு சொல்லல. எப்படிப் பிடிக்கறீங்கன்னும் கேக்கல. பிடிச்சத ஊருக்கே சொல்றீங்க. விட்டத ஒரு ஆளுக்கும் சொல்ல மாட்டேங்கறீங்க. அதான் கேக்கறேன்.”

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். எண்ணிக்கை தன் கையில் இல்லை என்றார். வீட்டைப் பற்றிய இரண்டாவது மனுவுக்கு மட்டும் பதில் தரச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது அவரும் எழுந்து நின்றதை மாமியார் கவனித்திருக்கிறார். திரும்பும் வழியில் பஸ்ஸில் அதை இரண்டு முறை சொன்னார்.

பதில் இரண்டே வரி. மேற்படி முகவரியில் நடந்த சோதனையில் எதுவும் கைப்பற்றப்படவில்லை. மேற்படி முகவரி தொடர்பாக வழக்கு எதுவும் இல்லை. மாமியார் அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கடைசி வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தின் மேல் அவள் விரலைப் பிடித்து நகர்த்தினார். “இல்லை. இல்லை. பாரு, ரெண்டு தடவ இல்லைன்னு போட்டிருக்கறாங்க.” அவரைக் கூட்டிக்கொண்டு போன அன்று அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.

தொழிற்சாலை அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பல வாரம் இழுத்துவிட்டு, அவரை வேறொரு பிரிவில் சேர்த்துக்கொண்டது. பத்திரிகை நிருபர், இதெல்லாம் செய்தியில்லை அம்மா என்று சொல்லிவிட்டார். மாமியார் சொன்னபடி நான் அந்தப் பதிலை இரண்டு குழுவிலும் போட்டேன். தெருக் குழுவில் பார்த்தார்கள், யாரும் எதுவும் எழுதவில்லை. என் சித்தி மட்டும், “இது யாரு?” என்று கேட்டாள். விளக்கினேன். “ஓ, அந்தத் தீவிரவாதி வீடா? நீ இன்னும் அங்கதான் இருக்கியா?” என்று பதில் வந்தது. அந்த ஆளை அவள் மறந்திருந்தாள். பயம் மட்டும் அப்படியே இருந்தது. அதை அங்கே போட்டவள் நான்.

எண்ணிக்கை கேட்டுச் சென்னையிலுள்ள தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பினோம். அது அங்கே கிடந்தது. அந்தக் குடும்பம் இன்னும் சில காலம் எங்களோடு இருந்துவிட்டு, அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே ஊருக்குப் போய்விட்டது. பின்னொரு மழைக்காலத்தில் மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, அதிகம் இழுக்காமல் போய்விட்டார். நினைவு இருந்த கடைசி நாட்களில் ஒருமுறை, “சென்னையில இருந்து ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டார். விசாரணை வரப்போகிறது என்று பொய் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

விசாரணை நிஜமாகவே வந்தது, அவர் போன பிறகு. மனுதாரர் ஆஜராகாததாலும், இறந்துவிட்டார் எனத் தெரியவருவதாலும், மனு முடித்துவைக்கப்படுகிறது என்று ஒரு உத்தரவு அவர் பெயருக்கே தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்று சமைக்கவில்லை. மறுநாள் அதே எண்ணிக்கைக் கேள்விகள் இரண்டையும், ஒரு சொல்லும் மாற்றாமல், என் பெயரில் எழுதி அனுப்பினேன். போன மாதம் அதே பழைய பதில் வந்திருக்கிறது. மேல்முறையீடு தயாராகிக்கொண்டிருக்கிறது.

அசாமிலிருந்து அந்தப் பெண் மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவாள். அவள் பேசும் தமிழ் மாமியார் சொல்லிக்கொடுத்தது. அதனால் நலமா என்பதைத் தெலுங்கில்தான் கேட்பாள். அவளுக்கு அது தமிழில்லை என்று இன்றுவரை தெரியாது. நானும் திருத்தியதில்லை. நேற்றுக் கூப்பிட்டாள்.

“அக்கா, பாகுன்னாரா? நம்பர் வந்துச்சா?”

“இன்னும் வரல.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ கேட்க, அவள் மொழியில் பதில் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள்.

“அதுல எங்க வீட்டுக்காரர் ஒண்ணுதான அக்கா? விட்டதுல?”

“ஆமா. விட்டதுல ஒண்ணு.”

“அப்ப கேளு அக்கா,” என்றாள், அச்சு அசல் மாமியாரின் குரலில். “வர்ற வரைக்கும் கேளு.”