செனட்டர் வீட்டுக் கடிதங்களும் நானும்

மற்றவர்களின் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது கூடாத பழக்கம் என்று குட்டு வாங்கி வளர்ந்தவள் நான். ஜெர்மனியில் அதற்குத்தான் எனக்கு வேலை தந்தார்கள். ஹம் நகரத்திலிருந்து தினமும் ரயிலேறி ஒரு சின்ன ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். அங்கே இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு அமெரிக்க செனட்டர் குடும்பத்தின் கடிதங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. செனட்டரின் மகள் ஒரு ஜெர்மன் வியாபாரியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். தாய் தகப்பன் போனபிறகு வீட்டுக் கடிதங்கள் எல்லாம் கப்பலில் அவளிடமே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று அட்டவணையில் எழுதுவது என் பாடு. பிறத்தியார் கையெழுத்தோடு மாரடிக்கும் சகபாவிகளே, கேளுங்கோ.

வாசித்ததும் எரித்துவிடு

செனட்டரின் மனைவி லேசுப்பட்ட ஆளில்லை. புருஷன் தலைநகரில் பேசிக்கொண்டிருக்க, ஆறு பிள்ளைகள், தோட்டம், சொல்லாமல் வந்திறங்கும் விருந்தாளிகள் எல்லாவற்றையும் தனியொருத்தியாய்ச் சமாளித்தவ. அதற்கிடையில் புருஷனுக்கு ஊர்ப் புதினமும் வம்பும் எழுதுவா. எந்த விருந்தில் யார் யாருக்கு முகம் கொடுக்கவில்லை, எந்த நீதிபதியின் பெண்சாதி ஒரே சட்டையை மூன்றுதரம் போட்டா, ஒன்றும் தப்பாது. எழுதிவிட்டு அடியில் ஒரு வரி: 'வாசித்ததும் எரித்துவிடுங்கள்.' அப்படி முடியும் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய. ஒன்றின் ஓரம்கூடக் கருகவில்லை. மனுஷன் எல்லாவற்றையும் நாடா கட்டி வைத்திருக்கிறார்!

இதைப் பிரபுவிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர், பழைய கையெழுத்தை வாசிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்க ஆஹென் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "டெலிட் பண்ணுங்கன்னு என் ஒய்ஃப் அனுப்பற மெசேஜைத்தாங்க்கா நான் ஸ்டார் போட்டு வெச்சிருக்கேன்."

குறுக்கும் நெடுக்கும்

அந்தக் காலத்தில் தாளின் எண்ணிக்கைக்குத்தான் தபால் கூலி. செனட்டர் அம்மா தாளை நிரப்பி முடித்ததும் அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதினதுக்கு மேலேயே குறுக்காக எழுதுவா. பிரபுவின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துவிட்டு, 'தொப்பி இருமல் ஜனாதிபதி மாடு' என்று வாசித்தது. இரண்டு மாதம் மினக்கெட்ட மனுஷன் தலையில் கைவைத்துவிட்டார்.

நான் தாளைக் கண்மட்டத்துக்குச் சரித்து, ஒரு திசையை மட்டும் பிடித்துக்கொண்டு மடமடவென்று வாசித்தேன். மாடு கன்று போட்டது, கடைக்குட்டிக்கு இருமல், தலைநகருக்கு வந்தால் ஜனாதிபதி வீட்டு விருந்துக்குப் போட நல்ல தொப்பி இல்லை, எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. என்ன பொம்பிளையப்பா! பிரபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, உங்க கண்ணை இதுல இன்ஸ்டால் பண்ண முடிஞ்சா நான் இன்னிக்கே பிஎச்டி முடிச்சிருவேன்."

புதன்கிழமைக் கார்லா

கார்லா, கப்பலேறி வந்த அந்தச் செனட்டர் மகளின் வழிவந்தவ; பஸ் ஓட்டுகிறா. புதன் ஓய்வுநாள், எங்கள் வாசிப்பறைக்கு வந்துவிடுவா. அவவுக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான். அந்த மகள் தாயின் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்து கப்பலேறினவள். 'அம்மா, ஒரு வரி போடுங்கள்' என்று இங்கிருந்து அவள் கெஞ்சின கடிதங்கள் இருக்கின்றன. தாயின் பதில் ஒன்றுகூட இல்லை. தாய் கடைசிவரை மன்னிக்கவில்லை என்பதுதான் அவர்கள் வீட்டுக் கதை.

கார்லாவின் மகளும் தாய்க்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை. "நீங்களாவது எடுத்துக் கதைக்கலாமே" என்று ஒருநாள் வாய்விட்டேன். அவ ஜெர்மனில் சொன்னதை எங்கடை ஈழத் தமிழில் தருகிறேன்: "எங்கடை குடும்பத்திலை தாய்மார் மன்னிக்கிறேல்லை. வேணுமெண்டா உங்கடை பெட்டியளைப் பாருங்கோ."

கடைசிப் பக்கம்

அந்தச் சொல் என்னை விடவில்லை. தாளுக்கு இவ்வளவு சிக்கனம் பார்த்த மனுஷி, புருஷன் மருமகனுக்கு எழுதும் கடிதம் மகள் இருக்கும் அதே வீட்டுக்குப் போகும்போது தனக்கென்று இன்னொரு தாளை எடுப்பாவா? எங்கள் வீட்டிலும் அப்பா எழுதும் நீலக் கடிதத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது ஓரம்தானே! அடி விசரி, இது இவ்வளவு நாளும் உனக்கு ஏன் ஓடவில்லை?

செனட்டர் மருமகனுக்கு எழுதின கடிதங்களைத் திரும்ப எடுத்தேன். ஒன்று கப்பல் வரி பற்றி நாலு பக்க அறுவை. முதல் பக்கத்தோடு கொட்டாவி விட்டு, அட்டவணையில் 'அரசியல், வரி' என்று எழுதி மூடினது சாட்சாத் நான்தான். கடைசிப் பக்கத்தின் அடியில், தலைகீழாக, அந்த அம்மாவின் கையெழுத்து: 'உன்னோடு எனக்கு இன்னும் கோபம்தான். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா? காலுறை பின்னி அனுப்புகிறேன். இந்த மூலையை உன் அப்பாவோடு சண்டைபிடித்து வாங்கினேன். அடுத்ததிலும் வாங்குவேன்.' வாங்கியிருக்கிறா. ஏழு கடிதத்தில் ஏழு மூலை.

புதன்கிழமை கார்லா ஏழையும் வாசித்தா. அழுதா. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கு? பிறகு பையைத் துழாவிப் போனை எடுத்தா. "இஞ்சை போன் கதைக்கக் கூடாதெண்டு தெரியும். கனடாவிலை இப்ப விடிஞ்சிருக்குமோ?"

அட்டவணையில் ஆயிரம் பிழை விட்டாலும், கனடாவில் இப்போது எத்தனை மணி என்பதில் மட்டும், வீட்டுக்கு ஒருவரை அங்கே அனுப்பிவைத்த எங்கடை சனம் ஒருநாளும் பிழை விடாது.