குடும்பமாப் பேசி எடுத்த முடிவு

ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும், பேர்தான் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை மெத்தென்று வைத்திருப்பாள். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்பாள். அதனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புருஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, அவ்வளவுதான்" என்று நாள் முழுக்கத் தணிந்த குரலில் சொல்லிச் சொல்லி வீட்டிலும் அந்தக் குரலே நிலைத்துவிட்டது. எதற்கும் மல்லுக்கு நிற்கமாட்டார். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றாலும் சரி, லீவுக்கு எங்கே போகலாம் என்றாலும் சரி, "உன் இஷ்டம்" என்பார். "உனக்கென்னம்மா, தங்கமான மனுஷன்" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் பெருமூச்சு விடுவார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே மகள். படித்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு சரி, ஒன்பதுக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும். நன்றாகப் படிக்கிற பெண். புது ஆட்களிடம் பேசும்போது மட்டும் வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டு திக்கும். பழகியவர்களிடம் அருவி மாதிரி கொட்டுவாள்.

அம்மாவுக்குக் கண் மேட்டுப் பள்ளிக்கூடத்தின் மேல். ஊரிலேயே பேர் எடுத்த தனியார் பள்ளி அது. அதன் முன்னால் செங்குத்தான ஒரு ஏற்றம். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்பப் பழக்குவதற்கு எல்லோரையும் அங்கேதான் கூட்டிப்போவாள். அவர்கள் எஞ்சினை அணைப்பதும் கிளப்புவதுமாகத் தடுமாறுகிற நேரத்தில் அவள் கம்பிவேலி வழியே உள்ளே பார்ப்பாள். ஒருநாள் மரத்தடி வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "நீங்க சொல்றது தப்பு மிஸ்" என்றாள். டீச்சர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சாக்பீஸை நீட்டி, "அப்போ நீயே வந்து போட்டுக் காட்டு" என்றாள். பிரேக் அக்கா படித்த காலத்தில் கேள்வி கேட்டால் பிரம்புதான் பதில். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தன் மகள் படித்தால் இங்கேதான் படிக்க வேண்டும் என்று. இப்படி ஒரு இடத்தில் நாலு வருஷம் இருந்தால் திக்குவாயாவது ஒன்றாவது, எல்லாம் பறந்துவிடும் என்று நம்பினாள்.

வீட்டில் பேச்சு தொடங்கியது. துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டே பேசினார்கள்.

"அங்க கிடைக்கலைன்னா?" என்றார் அவர்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. ஏன் கிடைக்காது?"

"கிடைக்கும். கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னுதான் கேக்கறேன். கைவசம் இன்னொண்ணு இருக்கணும்ல? தெரு முக்குல இருக்கே, கவர்மென்ட் பள்ளிக்கூடம். அவ சிநேகிதிங்க எல்லாரும் அங்கதானே சேரப்போறாங்க. நடந்தே போயிடலாம்."

"நடந்து போறதுக்காகவா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்? ரெண்டாவதா ஒண்ணு வேணும்னா பச்சை கேட் பள்ளிக்கூடம் இருக்கு. அதுவும் தனியார்தான், சுமாரா இருக்கும். முக்குப் பள்ளிக்கூடம் மூணாவது. கடைசிக்கும் கடைசி."

"சரி" என்றார். மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தார். "பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"அவகிட்ட என்ன கேக்கறது? ஐஸ்கிரீம் எந்த நிறம் வேணும்னா கேக்கப்போறோம்?"

கதவோரம் நின்றிருந்த மகள் உள்ளே போய்விட்டாள்.

நுழைவுத் தேர்வில் மகள் பிரமாதமாக எழுதினாள். நேர்முகத்துக்கு மூன்று பேரும் போனார்கள். மகளைத் தனியாக உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே பெஞ்சில் பிரேக் அக்கா காத்திருந்தாள். எத்தனையோ பேரை லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுப் பதறாமல் டீ குடித்தவள், அன்றைக்குக் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றியபடியே சொன்னார், "மேட்டுப் பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துச்சு. கிடைக்கலையாம்."

பள்ளிக்கூடத்தில் அவருடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். இவள் வண்டியில் இருக்கும்போது போனை எடுக்கமாட்டாள் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

அவள் நம்பவில்லை. தேர்வில் அவ்வளவு நன்றாக எழுதிய பிள்ளைக்கு எப்படிக் கிடைக்காமல் போகும்? நேர்முகத்தில் திக்கியிருப்பாள், அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று தானாக ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அந்தக் காரணம் அவளைத் தின்றது. சின்ன வயதிலேயே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், தான்தான் வேலை வேலை என்று ஓடிவிட்டோம் என்று குமைந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். புருஷன் முதுகைத் தடவிக்கொடுத்தார். "விடு, நம்ம கையில என்ன இருக்கு" என்றார்.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அவருடைய அக்கா மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று பிரேக் அக்கா சபதம் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அவள் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலு பேர் முன்னால் நாத்தனார் சொன்ன வார்த்தை அப்படி: "கண்ட ஆம்பளைங்களோட கார்ல ஊர் சுத்தறதுக்குப் பேரு உத்தியோகமா?"

மகளுக்காக அந்தச் சபதத்தையும் விழுங்கினாள். புருஷனே வண்டியில் கூட்டிப்போனார். "நீயே போய்ப் பேசு, நான் இருந்தா அக்கா இன்னும் முறுக்கிக்குவா" என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனார் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நிற்கவைத்தே பேசினார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா இந்த வீட்டுக்கு?"

"அன்னிக்கு நடந்ததையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி. தப்பு என் பேர்லதான். பிள்ளைக்காக வந்திருக்கேன். ஒரு வார்த்தை அங்க சொல்லுங்க."

தப்பு அவள் பேரில் இல்லை. இருந்தாலும் சொன்னாள். நாத்தனார் ஆற அமர எல்லாவற்றையும் கேட்டார், பொறுப்பில்லாத அம்மாக்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார், கடைசியில் "கேட்டுப் பாக்கறேன்" என்றார். தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. நேரமாகிறது என்று புருஷன் அடித்த ஹார்ன்.

இரண்டு நாள் கழித்து நாத்தனாரிடமிருந்து தகவல் வந்தது. ஒன்றும் செய்வதற்கில்லையாம். வழக்கமாக எதையும் நீட்டி முழக்குகிறவர் அன்றைக்கு அவசரமாகப் போனை வைத்துவிட்டார். இந்த அலைச்சலில் பச்சை கேட் பள்ளிக்கூடத்தில் இடங்கள் நிரம்பிப்போயின. கடைசிக்கும் கடைசி என்று அவள் தள்ளிவைத்த முக்குப் பள்ளிக்கூடத்தில் மகள் சேர்ந்தாள். முதல் நாள் சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டே நடந்துபோன பெண்ணைப் பார்த்து, பாவம், ஏமாற்றத்தை வெளியே காட்டாமல் இருக்கிறாள் என்று நினைத்து அவள் கண் கலங்கினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது கார் பழக ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். மேட்டுப் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலையாம். நல்ல கலகலப்பான மனுஷி. ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசுவார். முதல் நாளே, "உங்களை எங்கயோ பார்த்திருக்கேனே" என்றார். ஏற்றத்தில் பழகப் போன அன்று ஞாபகம் வந்துவிட்டது.

"ஆங், இன்டர்வியூக்கு வந்திருந்தீங்க! உங்க பொண்ணை மறக்க முடியுமா? முதல்ல கொஞ்சம் திக்கிச்சு, அப்புறம் பாருங்க, எங்க பிரின்சிபால்கூடவே வாதம் பண்ணிச்சு. அவங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. இப்ப எங்க சேர்த்திருக்கீங்க? எங்க பள்ளிக்கூடத்தையே வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா அதைவிடப் பெரிய இடமாத்தான் இருக்கணும்."

"நாங்க எங்க வேண்டாம்னு சொன்னோம்? நீங்கதானே இடம் இல்லைன்னு சொல்லிட்டீங்க."

"ஐயையோ, யாரு சொன்னா? முதல் லிஸ்ட்லயே பேர் இருந்துச்சு. நான்தான் போன் பண்ணினேன். மறுநாள் உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டு, குடும்பமாப் பேசி முடிவு எடுத்துட்டோம், வேண்டாம்னு சொன்னார். ரொம்பத் தன்மையாப் பேசினார்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த அம்மாளுக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவளின் முகம் மாறியது தெரிந்தது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக் அக்கா காலை அழுத்தினாள். "கிளட்சை மெதுவா விடுங்க" என்றாள். குரல் உயரவில்லை. மிச்சப் பாடத்தையும் முடித்துவிட்டு, அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷன் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் சாப்பாட்டு மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"குடும்பமாப் பேசினீங்களாமே" என்றாள் பிரேக் அக்கா. "அந்தக் குடும்பத்துல நான் இல்லையா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவள் பார்த்தாள். மற்றதையெல்லாம்விட அந்தப் பார்வைதான் அவளை அறுத்தது.

"அவ அழுதா" என்றார் அவர், அதே தணிந்த குரலில். "ஒரு ராத்திரி பூரா. புது இடத்துல போய் முதல்லேருந்து திக்கித் திக்கிப் பழக முடியாதுன்னா. உன்கிட்ட சொன்னா நீ கேட்டிருக்கமாட்டே."

"அதனால பொய் சொன்னீங்க."

"சண்டை வேண்டாம்னு நினைச்சேன்."

"நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேனே, முதுகைத் தடவிக்கொடுத்தீங்களே, அப்பக்கூடச் சொல்லத் தோணலையா? உங்க அக்கா வாசல்ல போய் நின்னேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்து இறங்கி வந்து என்னைத் தடுத்திருக்கலாமே. ஹார்ன் அடிச்சீங்க."

"அக்கா போய் விசாரிச்சப்ப பள்ளிக்கூடத்துலயே விஷயம் தெரிஞ்சுபோச்சு. நான்தான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்" என்றார். சமாதானமாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார் போலிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மகள் அழ ஆரம்பித்தாள். ஆக, புருஷனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், தன்னை வாசலோடு அனுப்பிய நாத்தனாருக்கும் தெரியும். வண்டி பழக வந்த ஒரு வேற்று மனுஷி வாய் தவறிச் சொன்னதால் இவளுக்கும் தெரிந்தது. பிரின்சிபாலிடமே வாதாடிய பெண் தன்னிடம் மட்டும் வாய் திறக்கவில்லை என்பது அதற்குள்ளேயே இன்னொரு முள்ளாகத் தைத்தது.

வீட்டை விட்டுப் போகவில்லை, பாத்திரத்தை உடைக்கவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் தானாக எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் அன்றைக்கு யார் எந்தச் சுவரில் வண்டியை இடித்தார் என்று வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பாள். அது நின்றுபோனது. அவர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். அந்தச் சரிக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று அவள் ஒவ்வொரு தடவையும் யோசித்தாள். நாத்தனார் ஒருமுறை போன் செய்து, "அவன் என் தம்பி, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணி" என்று வைத்துவிட்டாள்.

வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் மகள் வந்து நின்றாள்.

"அம்மா, நா-நான் அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

அம்மாவிடம் அவள் திக்குவது அதுதான் முதல் தடவை. பிரேக் அக்கா ஈரத்துணியைப் பிழிந்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கேட்டிருக்கமாட்டேன். முதல் நாள் கத்தியிருப்பேன். ரெண்டாம் நாள் சாப்பிடாம கிடந்திருப்பேன். மூணாம் நாள் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலை. அந்த மூணாம் நாளை நீங்க ரெண்டு பேரும் எனக்குக் குடுக்கவே இல்லையே."

மகள் இன்னொரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள்.

முக்குப் பள்ளிக்கூடத்தில் மகள் நன்றாகவே படித்தாள். திக்கல் போகவும் இல்லை, கூடவும் இல்லை. பள்ளி முடிந்து மேலே என்ன படிப்பது என்ற பேச்சு வந்தபோது, அடுப்படிக்கு வந்து முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள், கட்டடம் வரைகிற படிப்பு படிக்கப்போவதாக. இதைக் கேட்க அம்மா எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! சந்தோஷம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"அப்பாகிட்ட எப்ப சொன்னே?"

"இன்னும் சொல்லலைம்மா. சத்தியமா. உன்கிட்டதான் முதல்ல."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை சத்தியம் செய்கிறாள், நம்பத்தான் வேண்டும். "சரி, அப்பா வரட்டும், பேசலாம்" என்றாள். அவர் வந்து விஷயத்தைக் கேட்டு, அடடே என்று புருவத்தை உயர்த்தியபோது, அது உண்மையான ஆச்சரியம்தானா என்று அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.