அத்தை எடுத்து வராத சபாரி

எங்கள் பாகூர் பக்கத்தில் அந்த நாளில் சபாரி என்றால் ஒரே அர்த்தம்தான். சட்டையும் பேன்ட்டும் ஒரே துணியில், நாலு பாக்கெட் வைத்துத் தைத்து, பேங்க் மேனேஜரும் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரியும் போட்டுக்கொண்டு வருவார்களே, அது. அப்பா கரும்பும் நெல்லும் பயிர் வைப்பவர். வேட்டியைத் தவிர வேறெதையும் தொடாதவர். ஆனாலும் வில்லியனூர் துணிக்கடை வாசலில், கண்ணாடிக்குள் பொம்மை போட்டிருக்கும் சாம்பல் கலர் சபாரியை ஒரு நிமிடமாவது நின்று பார்க்காமல் வரமாட்டார். கேட்டால், "சும்மா பாத்தேன்" என்பார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, டீச்சருக்குப் படித்தவள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தான்சானியாவுக்குப் போய் ஒரு வருடம் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்று கிளம்பினாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பண்டசோழநல்லூர் மாப்பிள்ளை வீட்டில் ஏறக்குறைய சரி என்று சொல்லியிருந்த நேரம்.

"இங்க இல்லாத புள்ளைங்களா? சம்பளமும் இல்ல, கல்யாணமும் இல்ல, இன்னா கூத்து இது? போறதுன்னா போ. ஆனா எங்கிட்ட பேசாத," என்றார் அப்பா. அத்தை போய்விட்டாள். அப்பாவும் வீம்பை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தையின் போன் வரும். அப்பா நம்பரைப் பார்ப்பார், போனை என் கையில் திணிப்பார், பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் என் பக்கத்திலேயே நிற்பார். மாடு போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டாலும் வாளி நகராது. நாம் பேசி முடித்து இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் அத்தையின் குரல் வரும். நடுவில் கடல் மாதிரி ஓர் இரைச்சல். அதைக் கேட்கவே சில சமயம் பேசாமல் இருப்பேன். கண் தானாகச் சொக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு. "பள்ளிக்கூடம் முடிஞ்சிதுடி. புள்ளைங்கல்லாம் அழுதுடுச்சிங்க. நாளைக்கு சபாரி..." என்றாள். அதற்கு மேல் இரைச்சல் தின்றுவிட்டது. "சனிக்கெழம வந்துடுவேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

"இன்னாவாம்?" என்றார் அப்பா, மாட்டைப் பார்த்தபடி.

"சனிக்கெழம வருதாம். நாளைக்கு சபாரி எடுக்கப் போவுதாம்."

"யாருக்கு?"

யாருக்கென்று யார் கண்டது? ஆனால் அப்பாவின் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு வேறு எதைச் சொல்ல? "உனக்குத்தான்" என்று அடித்துவிட்டேன்.

அந்த வாரம் அப்பா தரையில் நடந்ததாக நினைவில்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் நின்றவர், மடை உடைந்து பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போவதுகூடத் தெரியாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணை மூடினால் போதும், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்த கரும்புக்கு நடுவில் சபாரி போட்ட அப்பா மெல்ல நடந்து போவார், போய்க்கொண்டே இருப்பார்.

வெள்ளிக்கிழமை திடீரென்று, "ஏர்போட்டுக்கு நானே போறேன்" என்றார்.

"பேசமாட்டன்னீங்களே?" என்றாள் அம்மா.

"பேசவா போறேன்? பெட்டி தூக்க ஆளு வேணாமா?"

வாடகைக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். சென்னையில் அத்தை கறுத்து இளைத்து வெளியே வந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மரக்காணம் வரை டிரைவர் மட்டும்தான் பேசினார், அதுவும் ரோட்டைப் பற்றி. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அப்பாவோட சபாரி எந்தப் பையில இருக்குது?"

"அப்பாவோடதா? சபாரின்னா காட்டுல மிருகம் பாக்கப் போறதுடி!"

மேலே திறந்த ஜீப், விடியலில் புல்லைத் தவிர எதுவுமில்லாத வெளி, அவசரமே தெரியாமல் நடக்கும் ஒட்டகச்சிவிங்கிகள், யானைக் கூட்டம் கடந்து போகட்டும் என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளத்துத் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. கொஞ்ச நேரம் அந்த யானைகள் அதில் இறங்கி நடப்பதாகவே எனக்குத் தோன்றியது.

பிறகுதான் உறைத்தது. ஐயோ, துணி இல்லை! இனி ஜென்மத்துக்கும் அப்பா அத்தையோடு பேசமாட்டார். எல்லாம் என் வாயால்.

"அத்தை எதுவும் சொல்லலப்பா, நாந்தான் உனக்குன்னு சொல்லிட்டேன்" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"வண்டிய நிறுத்துப்பா," என்றார் அப்பா. இறங்கிப் போனார். தொலைந்தோம் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் ஒரு இளநீரை ஜன்னல் வழியே நீட்டினார்.

"குடி. இன்னா இப்பிடி எளச்சிட்ட?"

ஒரு வருடத்தில் அத்தையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அத்தை குடிக்கவில்லை. "எனக்குத் தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா எடுத்துனு வந்திருப்பேன்" என்றாள்.

"அதுக்கின்னா இப்ப? அடுத்த வாட்டி நீ போவும்போது எடுத்துனு வா."

அவ்வளவுதான், அத்தை கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு துணி எடுத்து வராததற்கா இந்த அழுகை? அதுதான் அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டாரே! அவள் முதுகைத் தடவி, "அழாத அத்தை, அப்பாவுக்கு வேட்டியே நல்லாதான் இருக்குது" என்று சமாதானம் சொன்னேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.