'தொந்தரவு செய்த ஆள் நீக்கப்பட்டார்'

யார் கேட்டது இவரை? முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். இருபது வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் நடந்த ஒரு ராக் கச்சேரியை, கூட்டத்துக்குள் நின்றபடி நானும் என் நண்பனும் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தோம். அதை எங்கோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் ஒருவர் வேலை மெனக்கெட்டு கம்ப்யூட்டரில் போட்டு, கழுவித் துடைத்து, 'மேம்படுத்திய பதிப்பு' என்று இணையத்தில் ஏற்றியிருக்கிறார். கீழே வரிசையாக ஆட்கள் நன்றி சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவன். நண்பன் அதே கம்பெனியில் சாம்பிள் செய்கிறவன். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் முதல் ஜோடியை வெட்டித் தைப்பது அவன் கைதான். மெஷின் மாட்ட வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன நாலு கேசட்டில்தான் அந்த இசைக்குழு எங்களுக்கு அறிமுகமானது. வார்த்தை பாதி புரியாது. டிரம்ஸும் கிடாரும் ஒன்றாக இறங்கும்போது உடம்பு சிலிர்க்கும், அது போதும். அவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்த பிறகு பெங்களூருக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், சம்பளத்தில் பாதியை டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு ரயில் ஏறினோம்.

வாசலில் சோதனை போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, அவன் அதற்காகவே ஒரு ஜாக்கெட் தைத்திருந்தான். பெல்ட்டுக்கு வந்த தடித்த தோலில் மிஞ்சிய துண்டுகள். உள்ளே ரகசியப் பை, அதற்குள் சின்ன ரெக்கார்டர், காலர் மடிப்புக்குள் மைக். தையலைப் பார்த்தால் பை இருப்பதே தெரியாது. சோதனை போட்டவர் நான் போட்டிருந்த ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்து, "சூப்பர் லெதர், எங்க வாங்கினீங்க?" என்று கேட்டு உள்ளே அனுப்பினார். ஆனால் ஒரு தப்பு நடந்துபோனது. தோல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. புதுத் தோல், அதுவும் அவ்வளவு தடித்த தோல், அசைந்தால் கிறீச்சிடும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே கிடப்பதால் எங்கள் காதுக்கு அது சத்தமே இல்லை. ஊருக்கு வந்து போட்டுக் கேட்டால், உலகப் புகழ் பெற்ற கிடாருக்குப் பக்கத்திலேயே கிறீச் கிறீச்சென்று ஒரு ஜாக்கெட்டும் வாசிக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, இந்தக் குழுவின் ரசிகர்கள் கச்சேரிப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் தளத்தில் அதை ஏற்றினேன். அதோடு மறந்தும் போனேன். அவனுக்குக் கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும்போது அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். வேலூரில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். குரல் போனது போனதுதான். கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம்; அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டுக் குழந்தை வீறிட்டு அழுததும், அன்றைக்கே அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். இன்றுவரை எல்லாம் கைஜாடையும் போனில் தட்டுவதும்தான்.

அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். என்னைச் சித்தப்பா முறையில் சாச்சா என்றுதான் கூப்பிடுவாள். போன மாதம் ஒருநாள், அப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"சாச்சா, அப்பா கொரலு எப்டி இருக்கும்? நான் சிரிச்சா அப்பா மாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் தெரியல."

கல்யாண வீடியோ இருக்கிறதே என்றேன். "அதுல ஃபுல்லா சினிமா பாட்டுதான் சாச்சா. அப்பா வாய் மட்டும் அசையுது" என்றாள். வீடியோக்காரன் தலையில் இடி விழ. அப்போதெல்லாம் எங்கள் கையில் இருந்தது பொத்தான் போன். குரலைப் பிடித்து வைக்க யாருக்குத் தோன்றியது? சட்டென்று அந்தக் கச்சேரி ஞாபகம் வந்தது. அதில் அவன் கத்துவான், பாடுவான், சிரிப்பான். "இருக்குதும்மா, நான் கொண்டாறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பதிவை நான் போட்டு வைத்திருந்த சிடியின் மேல்பூச்சு எங்கள் ஊர் வெயிலில் உரிந்து போயிருந்தது. பரவாயில்லை, இணையத்தில் இருக்கிறது என்று அந்தத் தளத்துக்குப் போனேன். இருந்தது. முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று வேறு எழுதியிருந்தார்கள். நானும் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டு, இறக்கி எடுத்துக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் பாட்டு முடிந்து அவன் கத்துகிற இடம் எனக்கு மனப்பாடம். அந்தப் பெண் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. கைதட்டல் மெல்ல எழுந்து மெல்ல அடங்கியது. அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"எங்க சாச்சா?"

"இரும்மா, வரும்."

வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. நான் சங்கடப்படக்கூடாதே என்று அவள், "பரவால்ல சாச்சா, பாட்டு நல்லாதான் இருக்கு" என்று சொன்னாள். அவமானமாக இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கீழே இருந்த குறிப்பைப் படித்தேன். என்னென்ன 'மேம்பாடு' என்று பெருமையாகப் பட்டியல் போட்டிருந்தார். ஏதோ விளங்காத கிறீச்சொலி அகற்றப்பட்டது. கைதட்டல் குறைக்கப்பட்டது. பதிவு செய்தவரின் அருகில் நின்று வேற்று மொழியில் ஓயாமல் கத்தித் தொந்தரவு செய்த ஆள் நீக்கப்பட்டார். பழைய பதிவும் இருந்தால் குழப்பம் என்று தளத்திலிருந்தே அதை எடுத்துவிட்டார்களாம்.

தொந்தரவு செய்த ஆளாம்! அந்த ஆள் ஜாக்கெட் தைக்காவிட்டால் உங்களுக்கு இந்தக் கச்சேரியே இல்லை ஐயா. எங்கள் தொழிலிலும் இந்த வேலை உண்டு. உண்ணி கடித்த வடுவும் முள் கிழித்த கோடும் உள்ள தோலைத் தேய்த்துச் சுரண்டி, மேலே பூச்சு அடித்து, மெஷினில் வைத்துப் பொய் வரிகளை அச்சுப்போடுவோம். பார்க்க வழவழவென்று இருக்கும். ஆனால் நாங்கள் அதைத் திருத்திய தோல் என்று சொல்லி, இரண்டாம் தரம் என்றுதான் விற்கிறோம். உயர்ந்த தரம் என்று விற்றால் சரக்கு வாங்குகிற பையர் செருப்பால் அடிப்பான். இவர் கூட்டத்தையே சுரண்டி எடுத்துவிட்டு, ஆளில்லாத ஹாலில் வாசித்ததைப் போல ஆக்கி வைத்திருக்கிறார். அதற்கு நன்றி வேறு.

அன்றே அவருக்கு எழுதினேன். கோபத்தில் என் இங்கிலீஷ் எனக்கே புதிதாக இருந்தது. நீங்கள் நீக்கிய ஆளுக்கு இப்போது குரல் கிடையாது, அவன் மகள் அதைக் கேட்டதே இல்லை, ஒரிஜினலைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஓய்வு பெற்ற மனிதராம். மிகவும் வருந்துகிறாராம். ஒரிஜினலை வைத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் அந்த சாஃப்ட்வேர், நீக்கும் சத்தத்தையெல்லாம் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைக்குமாம். நல்லவேளை, அதை இன்னும் அழிக்கவில்லையாம். கூடவே அனுப்பியிருந்தார். கோப்பின் பெயர் 'குப்பை'. வருத்தப்பட்டவருக்குப் பெயரை மாற்றத் தோன்றவில்லை பாருங்கள்.

ஒரு முறை ஏமாற்றியது போதும் என்று, தொடக்கத்தில் அவன் குரல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவனும் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் போனில் தட்டிக் காட்டினான்: 'வாணாம்டா, வெக்கமா இருக்கு.' மகள் கேட்கவில்லை. ஸ்பீக்கரிலேயே போட்டாள்.

இசை துளிக்கூட இல்லை. கைதட்டல், கிறீச் சத்தம், நடுவில் அவன். "போடு! அப்டி போடு!" என்று டிரம்ஸ்காரருக்கு உத்தரவு. முன்னால் நின்ற உயரமானவரிடம், "அண்ணே, கொஞ்சம் குனிங்கண்ணே, நாங்களும் காசு குட்துதான் வந்துக்குறோம்." பிறகு இல்லாத இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒரு பாட்டு, அதைத் தொடர்ந்து சிரிப்பு. அச்சு அசலாக அந்தப் பெண்ணின் சிரிப்பு. அடுப்படியில் இருந்த அவன் மனைவி கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "அவங்கதான்" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் நண்பன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ தெரிந்தவர் பேசுவதைக் கேட்பவனைப் போல.

அப்போது அதில் இன்னொரு குரல் வந்தது.

"டேய், வாய மூட்றா. ரெக்கார்டு ஆவுது."

அவன் கொஞ்சம் அடங்கி, மறுபடியும் பாட ஆரம்பித்தான். அந்தக் குரலும் மறுபடியும் வந்தது. "இன்னாடா பேஜாரு உன்னோட? பாட்ட கெடுக்கிறடா. உன் கொரல எவன் கேட்டான்?"

அவன் "சரி மச்சான்" என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. அந்த 'சரி மச்சான்' வந்தது இருபதாவது நிமிடத்தில். கச்சேரி இரண்டு மணி நேரம். ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். மிச்சம் முழுக்க ஜாக்கெட்டின் சத்தம் மட்டும்தான். சத்தியமாக, அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை.

"யாரு சாச்சா அது, அப்பாவ பேசாதன்னு சொல்றது?"

நண்பன் அவசரமாகக் கையை ஆட்டினான், யாரோ பக்கத்தில் நின்றவன் என்று. எனக்காக இப்போதும் ஒரு பொய்.

"நான்தாம்மா" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். என் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.