பிஷப் பேரில் போன குப்பி

ஓரின் ஸ்கார் உலகத்தில் முதன்முதலாக உடைத்தது அவன் அண்ணனின் மூக்கை. அண்ணன் அதே வாரம் பதில் மரியாதை செய்ததில் ஓரினின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது, அப்புறம் நேராகவே இல்லை. ஒன்பதாவதில் தலைமையாசிரியர் கார் பம்பரைக் கொடிக்கம்பத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்தான். அத்தோடு பள்ளிக்கூடம் அவனை விட்டது. அவன் வெல்டிங்கை விடவில்லை.

வளர்ந்தபிறகு, விரோக்வா என்ற ஊருக்கு வெளியே மேட்டுமேல் இருந்த ஒரு காளைப் பண்ணையில் வெல்டரானான். அங்கே காளைகளிடம் விந்து எடுத்து, உறைய வைத்து, நாடு முழுக்க அனுப்புவார்கள். ஒரு டன் மிருகத்திடம் அதை எடுப்பது கடையில் கைநீட்டி வாங்குகிற காரியமா? கம்பியை வளைக்கும், கதவைப் பெயர்க்கும், ஆளைச் சுவரோடு வைத்துத் தேய்க்கும். வளைந்ததையும் பெயர்ந்ததையும் ஓரின் ஒட்டுவான். ஆளை ஒட்டுவதற்கு ஆஸ்பத்திரி இருந்தது.

அவனுக்கு அதிகம் வேலை வைத்தது பிஷப். கறுப்பு வெள்ளைக் காளை, பாவமன்னிப்பே தெரியாதது. போன இலையுதிர்காலத்தில் மேலாளர் கர்ட் வெங்கரைக் கதவோடு வைத்து அழுத்தி அவர் விலா எலும்புகளை முறித்தது. வெங்கர் அன்றைக்கே அதைக் கறிக்கு அனுப்பச் சொன்னார். முதலாளி கேட்கவில்லை. "அது விந்து தங்கம்யா. அது கெட்டுப்போற அன்னிக்கு அனுப்பிக்கோ" என்றுவிட்டார். அன்றிலிருந்து வெங்கர் அந்த நாளுக்காக, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற குழந்தை மாதிரி காத்திருந்தார்.

குளிர்காலத்தில் கொட்டகைக் கதவுகளை இறுக்கி மூடிவிடுவார்கள். பிஷப் முட்டி வளைத்த ஜி.ஐ. பைப்புகளை ஓரின் உள்ளேயே உட்கார்ந்து பற்றவைப்பான். துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும், போக வழியில்லாமல் அவன் தலைமேலேயே நிற்கும். முகமூடி போடமாட்டான், தாடி நசுங்குமாம். சாயங்காலம் ஜுரம் வந்து பல் கிடுகிடுக்கும். வைத்தியம், ஒரு பெரிய ஜாடி பால். பால் குடித்தால் புகையை அடித்துக்கொண்டு போய்விடும் என்று அந்தப் பக்கத்து வெல்டர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

அவன் மனைவி டார்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் பஸ்ஸில் ஏறி இறங்கின, அவள் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவளுக்கு ஊசி போட்டார்கள், குழாய் விட்டார்கள், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, இனி புருஷன் வரட்டும் என்றார் டாக்டர். ஓரினுக்கு அன்றைக்கெல்லாம் வேலை இருந்தது. டாக்டர் எந்தத் தேதி கொடுத்தாலும் அன்றைக்கு வேலை இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, சாராயக்கடையில் ஊரே வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தது. மாட்டு லாரி ஓட்டுகிற லானி பக்கத்து மேஜையிலிருந்து கத்தினான்.

"ஏண்டா ஓரின், நாள் முழுக்கக் காளைங்களோடதானே கிடக்கறே? கொஞ்சம்கூடவா உனக்கு ஒட்டல?"

ஓரின் எழுந்து போய் லானியின் முகத்தை மீன் தட்டிலேயே அறைந்தான். தட்டு உடைந்தது. ஒரு பல் சாஸ் கிண்ணத்தில் விழுந்தது. டார்லா அவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்துவந்து வண்டியில் தள்ளினாள்.

"அவன் பல்ல உடைச்சா எனக்குப் புள்ள பொறக்குமாடா? இந்த வாரம் நீ டெஸ்ட் எடுக்கறே. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். போனா திரும்ப மாட்டேன்."

அவள் சொன்னதைச் செய்கிறவள். ஆனால் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பது அவள் சித்தி மகள். அவளிடம் சொன்னால் தேவாலயத்தில் மணியடித்துச் சொன்ன மாதிரி.

அப்போதுதான் ஓரினுக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிறபோதெல்லாம் ஏதாவது உடையும்.

பண்ணையிலேயே பரிசோதனைக்கூடம் இருந்தது. மாய்சீ வாங் என்ற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். குப்பிகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முடிவைச் சுவர்ப்பலகையில் எழுதுவாள். கைக்கு ஆள் குறைகிற நாளில் குப்பிகளைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுப்பது ஓரின்தான். பிஷப் எப்போதும் முதல் தரம். ஒருநாள் சுமாராக வந்தால் மறுநாள் திரும்ப எடுப்பார்கள், யாருக்கு என்ன நஷ்டம்? பிஷப்பின் பெயர் ஒட்டிய குப்பியை வைக்கோலில் கவிழ்த்துக் கழுவினான். கழிப்பறைக்குப் போய்த் தன்னுடையதை நிரப்பி ஜன்னலில் நீட்டினான்.

பலகையில் வந்தது: பிஷப். எண்ணிக்கை மிகக் குறைவு. அசைவு இல்லை. தலைகள் கோணல்.

ஓரின் காளையிடம் உதை வாங்கியிருக்கிறான். அதெல்லாம் இந்த அளவுக்கு வலித்ததில்லை. பலகையைப் பார்த்தபடியே நின்றான். பின்னால் வெங்கர் சீட்டியடித்தார்.

"லானிக்கு போன் போடுங்கடா! காலையில லாரி வரட்டும்!"

"சார், இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம்" என்றாள் மாய்சீ.

"எதுக்கு? என் விலா எலும்பக் கேளு, அது சொல்லும்."

ஓரின் தன் வெல்டிங் கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான்.

காலையில் பிஷப் லாரியின் வாடையை முகர்ந்ததும் நின்றுவிட்டது. லானி மின்சார ஷாக் கம்பை விலாவில் வைத்தான். வெங்கர் இரும்புக் குழாயால் முதுகில் போட்டார். காளை சுவரில் மோதியது, பலகைகள் பிளந்தன. மூக்கு வளையத்தில் கயிறு கட்டி இருவர் இழுத்தார்கள். மூக்கு கிழிந்து, மூச்சு விடும்போதெல்லாம் பனிமேல் ரத்தம் தெறித்தது. லாரிக்கு ஏறும் பலகைச் சரிவில் பாதி வந்ததும் முன்னங்கால் மடங்கி விழுந்தது. விழுந்ததையும் வெங்கர் அடித்தார். மண்டையில் அடித்தார், கண்ணோரம் அடித்தார். அடுத்த அடிக்குக் குழாய் மேலே போனபோது ஓரின் அதைப் பிடுங்கி எறிந்தான்.

"நிறுத்துங்கய்யா! அது என்னோடது!"

"மாடா?"

"குப்பில இருந்தது. பிஷப்போடது இல்ல. என்னோடது."

காளை மூச்சு வாங்கியது. பிறகு லானி, பல் போன இடத்தில் காற்றுப் போக, கேட்டான்.

"அப்போ லாரில ஏத்த வேண்டியது உன்னத்தானா?"

சிரிப்பு அடங்குவதற்குள் வெங்கரின் முஷ்டி ஓரினின் வாயில் இறங்கியது. ஓரின் திருப்பி இறக்கினான். இருவரும் சாணியில் புரண்டு, கையில் அகப்பட்டதை எல்லாம் முறுக்கினார்கள். கயிறு பிடித்தவர்கள் வேடிக்கை பார்த்ததில் கயிறு நழுவியது. பிஷப் எழுந்தது. தன்னைக் காப்பாற்றியவன் யார் என்றெல்லாம் அது விசாரிக்கவில்லை. எதிரே எழுந்து நின்ற ஓரினைத் தூக்கிச் சுவரில் அடித்தது. உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. மாய்சீ ஓடிப்போய்ப் பக்கக் கதவைத் திறந்துவிட, காளை அது வழியாகத் தன் கூண்டுக்குப் போய் நின்றது.

அவள் வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அதான் நேத்தே யோசிச்சேன். என்ன இவ்வளவு பொடிசா இருக்கேன்னு."

ஓரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உயிர் போனது.

"செத்துக் கிடக்கு எல்லாம். ஏன் மாய்சீ?"

"என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, ஓரின். ஆனா அந்த வெல்டிங் புகை இருக்கே, அது வெறும் புகை இல்ல, தூள். முடியவிட ஆயிரம் மடங்கு சன்னம். நுரையீரலோட நிக்காது, ரத்தத்துல கலந்துடும். எலிங்களுக்கு இந்த மாதிரித் தூள் குடுத்துப் பாத்திருக்காங்க. விதை வரைக்கும் போகுது. விந்து குறையுது, கோணலாகுது. மனுஷங்கள்ல இன்னும் ஆராய்ஞ்சிட்டிருக்காங்க."

"நான் பால் குடிக்கறேனே?"

"பால் வயித்துக்குப் போகுது. புகை மூச்சுல போகுது. ரெண்டும் எங்கயும் சந்திச்சுக்கறதே இல்ல. கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாம இருந்து பாருங்க. புதுசா ஊற எப்படியும் மூணு மாசம் ஆகும்."

"அந்தக் கவலையே வேணாம்" என்றார் வெங்கர், உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி. "அவன் இனிமே இங்க வரப்போறதில்ல."

மறுநாள் பிஷப்பின் விந்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். முதல் தரம்.

டார்லா பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். லானி ஏற்கெனவே ஊருக்கே போன் பண்ணி முடித்திருந்தான். ஆனாலும் ஓரின் ஒன்றுவிடாமல் தன் வாயால் சொன்னான், கழிப்பறை உட்பட. அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டாள். வாசலில் நின்ற நர்ஸ் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

"இத்தன வருஷம் என்னப் போட்டுக் குடைஞ்சாங்க. எங்கிட்டதான் கோளாறுன்னு ராத்திரி ராத்திரி அழுதேன். நீ பாத்துட்டுப் படுத்திருந்தே."

"ஆமா" என்றான். கண் கலங்கியதை மறைக்க அந்தப் பக்கம் புரள முயன்றான், விலா விடவில்லை.

"நாளைக்கு இங்கயே, உன் பேர்லயே குடுக்கறே."

"குடுக்கறேன்."

"மூணு மாசம் கழிச்சும் குடுக்கறே."

"அப்பவும் செத்துக் கிடந்தா? உங்கம்மா வீட்டுக்குப் போயிடுவியா?"

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். குனிய முடியாமல் அவன் இன்னும் பூட்ஸோடு கிடந்தான், சாணியும் ரத்தமுமாக. அதைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.

"எங்கம்மா குறட்டை விடுவா" என்றாள்.

சொல்லிவிட்டு பூட்ஸை வெடுக்கென்று இழுத்தாள். அவன் அலறினான். இரண்டாவதையும் அவள் அதே வேகத்தில்தான் இழுத்தாள்.